ஷின்சான் குரலில் பேசுகிற பேரனும் கூட உட்கார்ந்து பார்க்கிற தாத்தாவும்

கேள்வி:

வணக்கம் அம்மா. நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 67. மகன் திருப்பூரில் இருக்கிறான், மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவான். மருமகள் இலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறாள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் அவன் வேனில் வந்து இறங்கியதும் இருவரும் டிவியில் ஷின்சான் என்கிற ஜப்பான் கார்ட்டூன் பார்ப்போம், ஷின்சான் அதில் வருகிற ஐந்து வயதுப் பையன். அவனுக்காகத்தான் உட்கார்ந்தேன், இப்போது எனக்கே பிடித்துவிட்டது. முடிந்ததும் ஷின்சான் நல்லவனா கெட்டவனா என்று எங்களுக்குள் வாதம் நடக்கும். எனக்குப் பிடித்தது, பஸ்ஸைத் தவறவிட்டவனை அம்மா சைக்கிளில் வைத்து மிதிக்கிற எபிசோட். அவனுக்கு, நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த எபிசோட். "நாய்க்குச் சோறு வைக்க மறக்கிறவன் எப்படிடா நல்லவன்?" என்று கேட்டேன். "மறந்தாலும் அதுகிட்ட போய் உக்காந்துக்கிறான்ல தாத்தா" என்கிறான்.

சிக்கல் இதுதான். வீட்டில் இருக்கும்போது பேரன் ஷின்சான் இழுத்து இழுத்துப் பேசுகிற அந்தக் குரலிலேயே பேசுகிறான். போன வாரம் மருமகளோடு வேலை பார்க்கிற பெண் வந்திருந்தபோது, அதே குரலில் "அம்மா, இந்த ஆன்ட்டி உன்னை விடக் கொஞ்சம்தான் குண்டு" என்று சொல்லிவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து மருமகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, டிவியை நிறுத்தச் சொல்கிறாள். பள்ளியில் விசாரித்தால், அங்கே அவன் அப்படிப் பேசியதே இல்லை என்கிறார்கள். ராத்திரியானால் குரல் கரகரக்கிறது. இது நோயா, கெட்ட பழக்கமா? ஷின்சான் நிஜமாகவே கெட்ட பையனா? உங்களுக்கு அந்தக் கார்ட்டூன் தெரியுமா, தெரிந்தால் எந்த எபிசோட் பிடிக்கும்?

பதில்:

ஐயா, வணக்கம்.

தெரியுமாவா! என் மகள் இப்போது கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு நாலைந்து வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் சோறு இறங்கியதே ஷின்சானால்தான். அப்போது இந்தியில்தான் பார்ப்பாள், பாதி புரியாது, ஆனாலும் அந்த இழுவை மட்டும் அப்படியே வந்துவிடும். 2008-ல் இங்கே அந்தக் கார்ட்டூனைத் தடை செய்தபோது டிவி ரிப்பேர் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த வருஷம் அங்கங்கே வெட்டித் திரும்பவும் போட ஆரம்பித்ததும், டிவி தானாகவே சரியாகிவிட்டது என்று இன்னொரு பொய். ஆகவே நான் நடுநிலையாகப் பதில் சொல்கிற ஆள் இல்லை, ஷின்சான் கட்சிதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, நான் டாக்டரும் இல்லை. பேச்சும் மொழியும் குரலும்தான் என் தொழில், ஸ்பீச் தெரபிஸ்ட். குன்னூரில் என் அறைக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பேச வேண்டிய வயதில் பேச்சு வராதவர்கள், திக்குகிறவர்கள், 'ர' சொன்னால் 'ய' வருகிறவர்கள். பிள்ளை அதிகமாகப் பேசுகிறான் என்று யாரும் பஸ் ஏறி வருவதில்லை. அதனாலேயே உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன்.

நோயா என்று கேட்டீர்கள். இல்லை. கேட்ட வசனத்தை அப்படியே, இடம் ஆள் எதையும் பார்க்காமல், எல்லோரிடமும் ஒரே மாதிரி திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கிற பிள்ளைகள் உண்டு; ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளிடம் இதைப் பார்ப்போம், அவர்களுக்கும் அதில் ஒரு அர்த்தம் இருக்கும், அதைத் தேடிப் பிடிப்பது எங்கள் வேலை. உங்கள் பேரன் செய்வது அது இல்லை. அவன் பள்ளியில் அந்தக் குரலை எடுப்பதே இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், முழுக் கடிதத்திலும் எனக்கு வேண்டிய வரி அதுதான். டீச்சர் முன்னால் எந்தக் குரல், தாத்தா முன்னால் எந்தக் குரல் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இடம் பொருள் ஏவல் என்று நாம் சொல்கிறோமே, ஆறு வயதில் அதில் பாதியைப் பிடித்துவிட்டான். மீதிப் பாதியில்தான் தகராறு.

அப்புறம் அந்த வாக்கியம். மருமகள் கோபித்துக்கொள்ளட்டும், தொழில் புத்தி விடாது, சொல்லிவிடுகிறேன். "இந்த ஆன்ட்டி உன்னை விடக் கொஞ்சம்தான் குண்டு" என்பது எந்த எபிசோடிலிருந்தும் எடுத்த வசனமாக இருக்க முடியாது, அவனே கட்டியது. இரண்டு பேரை ஒப்பிட்டு, அளவு சொல்லி, அந்தக் 'கொஞ்சம்தான்' என்பதில் ஒரு 'தான்' போட்டு ஒரே கல்லில் ரெண்டு பேரையும் அடித்திருக்கிறான். மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இது வராது. ஷின்சானிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டது சொற்களை இல்லை, பேசுகிற தோரணையை. இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போய் மருமகளிடம் படித்துக் காட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.

கரகரப்பை மட்டும் நான் லேசாக விடமாட்டேன். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். "ஷின்சான் மாதிரி பேசு" என்று சொல்லி, அவன் பேசும்போது கழுத்தின் முன்பக்கம் இரண்டு விரலை மெதுவாக, அழுத்தாமல், வையுங்கள். தாடை இறுகி, குரல்வளை மேலே ஏறி நிற்பது கைக்குத் தெரியும், சில பிள்ளைகளுக்குக் கழுத்து நரம்பே புடைக்கும். அப்புறம் "இப்ப உன் குரல்" என்றால் எல்லாம் தளர்ந்து கீழே இறங்கும். குரல்வளைக்குள் இரண்டு சின்ன மடிப்புகள் இருக்கின்றன, குரல் நாண் என்போம். இந்த வயதுப் பிள்ளை பேசும்போது நொடிக்குச் சுமார் 250 தடவை அவை ஒன்றோடொன்று தட்டும். தொண்டையை இறுக்கிக்கொண்டு பேசினால் தட்டுகிற இடத்தில் காய்த்துப்போகும். கொழுந்து கிள்ளுகிற விரல் எப்படிக் காய்க்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்தி விளையாடுகிற பையன்களுக்கு இது சாதாரணமாக வரும், பெரும்பாலும் பழக்கத்தை மாற்றினாலே போய்விடும்.

தண்ணீர் குடிக்கிறானா பாருங்கள். நம் குளிரில் பிள்ளைகள் தண்ணீரைத் தொடுவதே இல்லை, காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அதே கனத்தோடு திரும்பி வரும். வெதுவெதுப்பாக வைத்துக் கொடுங்கள். ராத்திரி குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், தொண்டைக்காக மட்டும் சொல்லவில்லை, கதவைச் சாத்திய அறையில் அது ஆளையே கொன்றுவிடும். காலையில் எழுந்ததும் ஒரே மூச்சில் "ஆ" சொல்லச் சொல்லி மனதுக்குள் எண்ணுங்கள், படுக்கப் போகும் முன் இன்னொரு தரம். காலையில் எட்டு வரை போனவன் ராத்திரி நாலில் நின்றால் தொண்டை அன்றைக்குக் களைத்திருக்கிறது என்று அர்த்தம். சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ மூன்று வாரமெல்லாம் வேண்டாம், அன்றைக்கே.

அவனிடம் "அப்படிப் பேசாதே" என்று சொன்னால் வேலைக்கு ஆகாது. அதற்குப் பதில் ஒரு நிஜக் கதையைச் சொல்லுங்கள். ஜப்பானில் 1992-ல் அந்தக் கார்ட்டூன் டிவியில் ஆரம்பித்ததிலிருந்து 26 வருஷம் ஷின்சானுக்குக் குரல் கொடுத்தவர் ஒரு பெண், அகிகோ யாஜிமா. 2018-ல் அவர் விலகிக்கொண்டார். அந்தக் குரலைப் பிடித்து நிறுத்துவதிலேயே கவனம் போய்விடுகிறது, வசனம் இயல்பாக வரமாட்டேன் என்கிறது என்று காரணம் சொன்னார். அப்புறம் யுமிகோ கொபயாஷி என்று இன்னொருவர் வந்தார், அவரும் பெண்தான். ஷின்சானுக்குள் இருப்பது ஒரு ஆன்ட்டி என்று கேட்டால் உங்கள் பேரன் அன்றைக்கு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருப்பான். வேலையாகச் செய்கிறவர்களுக்கே அது பாடு, அவர்களே ரெக்கார்டிங் முடிந்ததும் சொந்தக் குரலுக்கு வந்துவிடுவார்கள், நீயும் டிவி அணைந்ததும் வந்துவிடு என்று சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு, வாயின் பக்கத்தில் ஒரு சுவிட்சைத் திருகுகிற மாதிரி விரலைத் திருகி "கட்" என்றான். அதற்கப்புறம் அவன் அம்மாவுக்கு விரலைக் காட்டினாலே போதுமாக இருந்தது.

சரி, ஷின்சான் கெட்ட பையனா.

நம்மிடம் இதற்கு எத்தனை சொற்கள்! நீங்கள் அநேகமாக 'குறும்பு' என்பீர்கள், மருமகள் 'வாய் ஜாஸ்தி' என்று சொல்லியிருப்பார். வீட்டுச் சண்டையே இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. சேட்டை, வாலு, திமிர் எல்லாம் இருக்கின்றன, ஷின்சானுக்கு எதுவும் சரியாகப் பொருந்தாது. அவன் பொருளை உடைத்துவிட்டு ஒளிகிறவன் இல்லை, யாரையும் அழவைத்து ரசிக்கிறவனும் இல்லை. என் பாட்டி ஒரு சொல் வைத்திருந்தாள்: அதிகப்பிரசங்கி. அதுதான் அவன். ஐந்து வயதுக்காரன் ஐம்பது வயதுக்காரனின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுகிறான்.

அவன் வீட்டுக்குள் நுழைகிற காட்சியைக் கவனியுங்கள். ஜப்பானில் வெளியே போய்த் திரும்புகிறவர் "ததைமா" என்று சொல்லிக்கொண்டே நுழைய வேண்டும், வந்துவிட்டேன் என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர் "ஒகாஎரி" என்பார், வாங்க என்கிற மாதிரி. ஷின்சான் வெளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே "ஒகாஎரி" என்பான். மாற்றிச் சொல்கிறான். உங்கள் பேரன் வேனில் ஏறும்போது "போயிட்டு வரேன் தாத்தா" என்று சொல்லாமல், படியில் நின்றுகொண்டு உங்களைப் பார்த்து "போயிட்டு வாங்க தாத்தா" என்று சொன்னால் எப்படி இருக்கும்? டப்பிங்கில் அது அப்படியே வருவது கஷ்டம். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஆள் முழுசாக இருக்கிறான். விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனாகப் பேசுகிறான். காலையிலிருந்து ராத்திரி வரை எழுந்திரு, பல்லைத் தேய், ஸ்வெட்டரைப் போடு, வேன் வந்துருச்சு, சாப்பிடு, எழுது என்று பிறர் சொல்லியே கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு ஆறு வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

ஷின்சானின் நண்பர்கள் செட்டில் கஸாமா என்று ஒருவன் இருக்கிறானே, ஒழுங்காக உடுத்தி, ஒழுங்காகப் பேசி, பெரிய மனுஷன் மாதிரி நடந்துகொள்கிறவன். அவனுக்குச் சிறுமிகள் பார்க்கிற ஒரு கார்ட்டூன் ரொம்பப் பிடிக்கும், ஆனால் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று மறைத்து மறைத்துத் தவிப்பான். ஷின்சானுக்கு மறைக்கவே வராது. ஆக்‌ஷன் காமென் என்கிற டிவி சூப்பர் ஹீரோவைப் பிடிக்கும் என்றால் தெரு முழுக்கத் தெரியும், குடைமிளகாய் பிடிக்காது என்றால் அதுவும் தெரியும். உங்கள் வாதத்தில் கஸாமாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் நல்லவன் என்று கேட்டால் பேரன் சட்டென்று சொல்லமாட்டான், என் மகள் அப்போது சொன்னது "கஸாமா நல்லவன், ஆனா பாவம்."

இதுவரை உங்கள் கட்சி. இனி உங்கள் மருமகளுக்காகக் கொஞ்சம் பேசுகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஷின்சான் முதலில் குழந்தைகளுக்காக வரைந்ததே இல்லை. யோஷிதோ உசுய் என்பவர் 1990-ல் அதைப் பெரியவர்கள் படிக்கிற ஒரு வாரப் பத்திரிகையில் காமிக்ஸாகத்தான் ஆரம்பித்தார். குழந்தையை வைத்துக்கொண்டு பெரியவர்கள் தங்களைப் பார்த்தே சிரித்துக்கொள்கிற சமாச்சாரம் அது. அம்மாவின் தொப்பை, அப்பாவின் நாற்றம் பிடித்த சாக்ஸ், வீட்டுக்கடன் இன்னும் 32 வருஷம் பாக்கி, தள்ளுபடி விற்பனை என்றால் அந்த அம்மா ஓடுகிற ஓட்டம், இதெல்லாம் கடன் கட்டுகிறவனுக்குத்தான் சிரிப்பு. இளம்பெண்களைப் பார்த்து அவன் வழிகிறதும் பெரியவர்களுக்கான நையாண்டிதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு நையாண்டி தெரியாது, வசனம்தான் தெரியும். ஜப்பானிலேயே பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் 'பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சி எது' என்று கேட்டபோதெல்லாம் பல வருஷம் முன்வரிசையில் இருந்தவன் ஷின்சான். மருமகளிடம் இதைச் சொல்லுங்கள், தன் பக்கம் ஒரு தேசமே இருக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். (கதை நடக்கிற ஊர் கசுகாபே, டோக்கியோவுக்கு வடக்கே நிஜமாகவே இருக்கிற ஊர். அந்த ஊர்க்காரர்கள் இப்போது அவனையே தங்கள் ஊரின் முகமாக வைத்து விளம்பரம் செய்கிறார்கள். நம் பயலாகிவிட்டால் பாசம் வந்துவிடுகிறது.)

"கடைசியில அவனுக்குத்தான் அடி விழுதே, அதைப் பார்த்துப் பிள்ளை திருந்தாதா?" என்று சிலர் என்னிடம் கேட்பார்கள். அந்த அம்மா தலையில் கொட்டி, கோழிமுட்டை அளவுக்கு வீங்குமே, அதைச் சொல்கிறார்கள். 1965-ல் ஆல்பர்ட் பண்டூரா என்கிற உளவியலாளர் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டினார். அதில் ஒருவர் ஒரு பெரிய பொம்மையைப் போட்டு அடிப்பார். ஒரு கூட்டத்துக்குக் காட்டியதில் அடித்தவருக்குப் பரிசு, இன்னொரு கூட்டத்துக்குக் காட்டியதில் தண்டனை, மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டும் இல்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் பொம்மையை அடிப்பது குறைவாகத்தான் இருந்தது. ஆனால் "நீ பார்த்ததைச் செய்து காட்டு, ஜூஸ் தருகிறேன், ஸ்டிக்கர் தருகிறேன்" என்றதும் மூன்று கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் செய்து காட்டின. ஆக, அடி விழுவதைப் பார்ப்பதால் பிள்ளை கற்காமல் இருப்பதில்லை. கற்று உள்ளே வைத்துக்கொள்கிறது, ஜூஸ் வரும்வரை காத்திருக்கிறது.

உங்கள் வீட்டில் ஜூஸ் எது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் சிரிப்புதான் ஐயா. அன்றைக்கு அந்த 'குண்டு' வசனத்துக்கு நீங்கள் சிரித்தீர்கள் இல்லையா, அது அவனுக்குச் சம்பளம். அடுத்த தடவை இன்னும் நல்லதாக ஒன்று கட்டிக்கொண்டு வருவான், அவனுக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று மேலேயே பார்த்தோம். சிரிப்பு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு சிரியுங்கள். வந்ததும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு திட்டவும் வேண்டாம், "அந்த ஆன்ட்டி முகம் எப்படி ஆச்சு, பாத்தியா?" என்று கேளுங்கள். அவன் பார்த்திருக்கமாட்டான். உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். டிவிக்குள் நடப்பதற்கு இருவரும் உருண்டு புரண்டு சிரிக்கலாம், வந்தவர்களின் உடம்பைப் பற்றிச் சொன்னால் தாத்தா சிரிக்கமாட்டார் என்று ஒரு வரம்பு தெரிந்தால் போதும், நாலைந்து தடவையில் பிடித்துக்கொள்வான்.

மருமகளிடம் மன்னிப்பு கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. மாமனார் என்கிற கெத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காலை எட்டிலிருந்து கணக்கு நோட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற பெண், தன்னோடு வேலை செய்கிறவர் முன்னால் மகன் வாயால் அவமானப்பட்டு, மாமனாரும் சிரித்தால் என்ன செய்வார்.

உங்களுக்குப் பிடித்த அந்தச் சைக்கிள் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷின்சான் கக்கூஸில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான், வாசலில் கிண்டர்கார்டன் பஸ் வந்து நிற்கிறது, டீச்சர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார், அப்புறம் அந்த அம்மா தலைகூடச் சீவாமல் பின்னால் அவனை ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்க மிதிக்கிறாள். இது ஒரு எபிசோட் இல்லை, திரும்பத் திரும்ப வருகிற காட்சி, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று புதிதாகச் சேரும். நம் மலையில் சைக்கிளுக்கு ஏது வழி, ஏறினால் மேடு இறங்கினால் பள்ளம். ஆனால் வேன் போய்விட்டது என்றால் தேயிலைக்கு நடுவில் குறுக்குப்பாதையில் ஒரு கையில் புத்தகப்பையும் இன்னொரு கையில் பிள்ளையுமாக அடுத்த வளைவுக்கு ஓடுகிற அம்மாக்களை நான் தினமும் பார்க்கிறேன், உங்கள் மருமகளும் ஓடியிருப்பார். அந்தக் காட்சியை நீங்கள் இதுவரை ஷின்சான் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். ஒரு நாள் நடித்துப் பாருங்கள்: நீங்கள் ஷின்சான், கக்கூஸ் கதவுக்குப் பின்னால், வெளியே வரமாட்டேன் என்று இழுத்து இழுத்துப் பேச வேண்டும். பேரன்தான் அம்மா. எங்கள் அறையில் இந்த மாதிரி ஆளை மாற்றிப் போட்டு நடிக்கவிடுவோம். இரண்டு நிமிஷத்தில் பிள்ளைக்குக் குரலே மாறிவிடும், "சீக்கிரம்டா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று அவன் அம்மா சொல்கிற அதே தொனியில் கத்துவான். யாரும் சொல்லித்தராமல் அம்மாவின் அவசரம் அவன் வாயில் வரும். மருமகள் அதை அடுப்படியிலிருந்து கேட்டால் இன்னும் நல்லது.

அவனுடைய நாய்க்குட்டி எபிசோட் பற்றி. அட்டைப்பெட்டியில் யாரோ விட்டுப்போன வெள்ளைக் குட்டியை ஷின்சான் தூக்கிக்கொண்டு வந்தான், அதுதான் ஷிரோ. பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் அப்புறம் சோறு வைக்கவும் நடக்கக் கூட்டிப் போகவும் மறந்துகொண்டே இருப்பான், கடைசியில் எல்லாம் அம்மா தலையில். நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆனால் "மறந்தாலும் அதுகிட்ட போய் உக்காந்துக்கிறான்ல" என்று அவன் சொன்ன பதில் இருக்கிறதே, அதில் நாய்க்கு என்ன வேண்டும் என்று அவன் யோசித்திருக்கிறான், ஷின்சானுக்கு என்ன தோன்றும் என்று யோசித்திருக்கிறான், இரண்டையும் ஒரு 'லும்' போட்டுச் சேர்த்திருக்கிறான். அடுத்தவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கிற இந்த வேலையைச் சொல்லித்தரத்தான் நாங்கள் படாதபாடு படுகிறோம். டிவி தானாக இதைச் செய்யவில்லை. பார்த்து முடித்ததும் நீங்கள் கேட்கிறீர்களே, அதில் வருகிறது. ஆகவே டிவியை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு கதை, அப்புறம் வாதம், அதோடு அணைத்துவிட வேண்டும், நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவன் மட்டும் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

வெளியே அனுப்பி விளையாடவிடுங்கள் என்று சமவெளியில் இருக்கிறவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஐந்தரை மணிக்கு மேல் தோட்டத்து லைன் வீடுகள் பக்கம் கரடி இறங்கும், தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் வாசலைக்கூடத் தாண்ட முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் கரண்ட் போகிற அன்றைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: பார்க்க முடியாமல் போன கதையை அவனே சொல்லட்டும், இன்று ஷின்சான் என்ன செய்திருப்பான் என்று. அவன் குரலில்தான் சொல்ல வேண்டும், ஷின்சான் பேசுகிற இடத்தில் மட்டும் அந்தக் குரல். கதை சொல்கிறவனுக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று வேண்டியிருக்கிறதே.

ஷின்சானுக்கும் உங்களை மாதிரி ஒரு தாத்தா உண்டு, ஜப்பானின் வடக்கே இருக்கிற அகிதாவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாரே, கின்னோசுகே, அப்பாவின் அப்பா. பேரனை விடப் பெரிய வால். இரண்டும் சேர்ந்துகொண்டால் மருமகளுக்குத் தலைவலிதான். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வந்தது, தப்பாக நினைக்காதீர்கள்.

கடைசியாக, எனக்குப் பிடித்தது எது என்று கேட்டீர்கள். அது எபிசோட் இல்லை, 2001-ல் வந்த ஒரு ஷின்சான் சினிமாவில் ஒரு காட்சி, கெய்இச்சி ஹாரா இயக்கியது. அந்தக் காலத்து வாசனை ஒன்றைக் காட்டிப் பெரியவர்களையெல்லாம் ஒரு கும்பல் மயக்கிவிடும், எல்லோரும் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தங்கள் சின்ன வயதுக்கே போய்விடுவார்கள். ஷின்சானின் அப்பாவும் போய்விடுவார். பையன் அவரை எப்படித் திருப்பிக் கொண்டுவருகிறான் தெரியுமா, அவருடைய சொந்த ஷூவைக் கழற்றி மூக்கில் வைக்கிறான். இத்தனை வருஷம் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே நாற்றம். அதற்கப்புறம் வசனமே கிடையாது. சின்னப் பையனாக அப்பாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போகிறார், வளர்கிறார், ஊரை விட்டு வேலைக்கு வருகிறார், கல்யாணம், பிள்ளை, வெயிலில் அலைச்சல், ராத்திரி வீட்டுக்குத் திரும்புவது, எல்லாம் வரிசையாக ஓடும். மகளுக்காகப் போட்டுவிட்டு நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேரனுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் போகட்டும். அவன் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து நீங்கள் மட்டும் ஒரு தரம் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள். "ஆ" எத்தனை எண்ணிக்கை வந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.